அம்மாவின் எடையும் ஒரு பச்சைக் கயிறும்

அம்மா தையல்காரி. தெருவில் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்பது அவளுடைய நோட்டில் இருக்கும், வாயிலிருந்து வராது. தன் எடையையும் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் இரும்பு பெஞ்சு ஒன்று. அம்மா உட்கார்ந்தாள். பெஞ்சின் ஒரு கால் முறிந்தது, அவளுடைய வலது மணிக்கட்டும் முறிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்த இரும்புக் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"இது சாட்சி. கூடவே வரட்டும்."

நகராட்சி மேல் வழக்குப் போட்டாள். அவர்கள் வக்கீலின் பதில் இரண்டே வரி. பெஞ்சு பழுது என்று நகராட்சிக்குத் தெரியாது. மனுதாரர் சற்றுக் கனமானவர்.

முதல் வரியை அம்மா சட்டை செய்யவே இல்லை.

"கனமானவரா? என்னால விழலன்னு ஜட்ஜ் எழுதித் தரணும். அது போதும் எனக்கு."

நான் பாலங்களுக்குச் சுமைக் கணக்குப் போடுகிறவள். பெஞ்சுக் காலின் தடிமனை அளந்தேன், துருவைக் கழித்தேன்.

"கணக்குலயே நிரூபிச்சிடலாம்மா. எடைய மட்டும் சொல்லு."

"குத்துமதிப்பா போடேன்."

"கோர்ட்ல குத்துமதிப்பு எடுபடாது."

"அப்ப கேஸ் தோக்கட்டும்."

எழுபதா, எழுபத்தைந்தா என்று ஏலம் விட்டுப் பார்த்தேன். எண்பதில் அம்மாவின் இடது கை கத்தரிக்கோலைத் தேடியது. நிறுத்திக்கொண்டேன்.

அந்த இரும்புக் காலில் பச்சைக் கயிறு ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. தைக்க முடியாமல் சும்மா இருந்த ஒரு மதியம், அம்மா அதில் ஒரு புரியை விலக்கினாள்.

"ஏய், இங்க பாருடி. இது பச்சைக் கயிறே இல்ல, உள்ள வெள்ளை. சாயம் போட்ட நூல்னா உள்ள வரைக்கும் ஏறியிருக்கும். இது மேல பூசினது."

பெஞ்சுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்த நகராட்சி, ஏற்கெனவே விரிசல் விட்ட காலுக்கு யாரோ கட்டுப் போட்டிருந்த கயிற்றுக்கும் சேர்த்தே அடித்திருந்தது.

அம்மா கூண்டில் ஏறியதும் நகராட்சி வக்கீல் கேட்டார்.

"உங்க எடை என்னம்மா?"

"உங்க கோட்டை இடுப்புல ரெண்டு தடவ பிரிச்சு விட்டிருக்கு சார். நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

நீதிபதி குனிந்து கொஞ்ச நேரம் பேனாவைத் தேடினார். பிறகு கயிற்றை வாங்கிப் புரி பிரித்துப் பார்த்தார்.

"யார் கட்டினாங்கன்னு தெரியாதுன்னே வெச்சுக்குவோம் வக்கீல் சார். பெயின்ட் அடிச்சவருக்குக் கண்ணு இருந்திருக்கும்ல?"

பழுது தெரிந்தும் சரிசெய்யாதது நகராட்சியின் தவறு என்று தீர்ப்பு வந்தது. அம்மா அடுத்த வரியை மட்டும் நகலெடுத்துத் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டினாள்: 'மனுதாரரின் எடை இவ்வழக்கில் ஒரு பொருட்டல்ல.' துணி கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தாக வேண்டும். படிக்காதவர்களுக்கு ரவிக்கை தாமதமாகும்.

போன மாதம் அம்மா போய்விட்டாள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், கட்டிலின் கால்மாட்டுச் சீட்டில் அன்றைய எடையோடு, மணிக்கட்டு முறிந்தபோது எடுத்த பழைய எடையும் எழுதியிருந்தது. பாதியாக இளைத்திருந்தவள், நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"கோர்ட்டே வேணாம்னுடுச்சு. உனக்கெதுக்கு?"



அந்தச் சுமைக் கணக்குத் தாள் என்னிடம் இருக்கிறது. எடைக்கான இடம் மட்டும் காலி. எண் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.