பதினோரு ஆரக்கால்

ஆம்பூரில் நான் தோல் பதனிடும் ஷாப்பு தொடங்கியபோது, தோலில் குத்தும் முத்திரைக்கு வண்டிச் சக்கரம் வரைந்து கொடுத்தவள் என் மனைவி ரஞ்சிதம். பித்தளையில் வெட்டி வந்த பிறகுதான் அவள் எண்ணிப் பார்த்தாள்.

"ஐயோ, பன்னெண்டுக்குப் பதிலா பதினோரு ஆரக்கால்தான் போட்ருக்கேன். பாக்கறவங்க சிரிப்பாங்க."

"தோல் வாங்கறவன் ஆரக்காலையா எண்ணப் போறான்?" என்று விட்டுவிட்டேன். முத்திரையைப் பதிவு செய்யச் சொன்ன வக்கீலையும் அப்படித்தான் அலட்சியம் செய்தேன்.

சில வருஷங்களில் பட்டணத்துப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் சக்கர மார்க் என்றாலே என் தோல் என்று ஆயிற்று. ஒருநாள் அங்கே என் சரக்கை விற்றுக் கொடுக்கும் தரகர் அவசரமாக வரச் சொன்னார். ரயிலேறிப் போனேன். அங்கே வாணியம்பாடி வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க இது, இவரும் சக்கர மார்க்குல மட்டமான சரக்கு கொண்டாந்துருக்காரு. வாங்கறவங்க உங்க சரக்குன்னு நெனச்சுத் திட்றாங்க. மார்க்கு யாரோடது?" என்றார் தரகர்.

"சக்கரம் ஊருக்கே பொது. எங்க வீட்டு வண்டியைப் பாத்து நானே வரைஞ்சேன்" என்றார் வியாபாரி, கூசாமல்.

காட்ட என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. அப்போது ரஞ்சிதத்தின் பழைய 'ஐயோ' காதில் கேட்டது.

"உங்க வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் எத்தனைங்க?"

"எல்லா வண்டிக்கும் பன்னெண்டுதான். இதுகூடத் தெரியாதா?"

"அப்போ உங்க தோல்ல இருக்கறத எண்ணுங்க."

தரகர் விரல் வைத்து எண்ணினார். பதினொன்று. வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டு போனார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக முத்திரையைப் பதிவு செய்தேன். இப்போது ரஞ்சிதம் இல்லை. முத்திரை தேய்ந்து புதிதாக வெட்டும்போதெல்லாம், "ஒண்ணு கொறையுதே, சேத்துடட்டுமா?" என்று கேட்பார் ஆசாரி. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, பதினொன்று வரை எண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.