நானூறு வருடத்து மெட்டு

என் மடைமைக்கு அச்சடித்த அத்தாட்சி உண்டு: வெளிர் நீலத்தில் ஓர் அழைப்பிதழ். எண்பத்தைந்தாம் ஆண்டு, மீனவர் ஊரான குருநகரில் கோயில் பக்கத்து மண்டபமொன்றில், கூத்திலிருந்து வீடியோ வரை சனங்களின் பொழுதுபோக்கு மாறிவந்த கதையை நான் பேச இருந்தேன். அந்த உரையோடு ‘கூத்து ஆராய்ச்சியாளர்’ என்று பெயர் எடுத்துவிடுவது என் திட்டம். அழைப்பிதழின் அடியில் நானே எழுதிக் கொடுத்த வரி: “சினிமாக் கலப்பற்ற, நானூறு வருடத்து மெட்டை அண்ணாவியார் பாடிக் காட்டுவார்.”

கோப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்குள் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த எனக்குக் கூத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இரண்டு புத்தகம். மேடை ஏற அது போதாதா? கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை மூன்று வாரம் முன்பே தேடிப் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே, நாடிழந்த ராசாவின் புலம்பலைப் பாடினார். நான் மூக்கைச் சிந்தியபடி, “போர்த்துக்கேயர் காலத்து மெட்டெல்லோ இது!” என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, வலையில் அடுத்த கிழிசலைத் தேடினார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரடங்குச் சட்டத்தால் கூத்தை விடிய விடிய ஆட முடியாத காலம். பிற்பகல் இரண்டு மணிக்கே கூட்டம். சினிமா கூத்தைக் கொன்ற கதையை முக்கால் மணி நேரம் முழங்கினேன். பிறகு அண்ணாவியார் எழுந்து பாடினார். இரண்டாவது அடியிலேயே முன்வரிசையில் இருந்த மீன்கார அம்மா ஒருவர் கூடப் பாடத் தொடங்கினார். மெட்டு அதேதான், சொற்கள் வேறு, சுத்தமான காதல். மண்டபமே சேர்ந்துகொண்டது. விசில் வேறு.

“மாஸ்ரர், உது படப்பாட்டெல்லோ!” என்றார் அந்த அம்மா, வாயெல்லாம் பல்லாக. “கலியாணத்துக்கு முந்தி ஐயாவுக்கு ஒளிச்சு மூண்டுதரம் பாத்தனான்!”

அந்த அதிர்ச்சி இன்றுவரை முழுதாகத் தெளியவில்லை. கொலைகாரன் என்று நான் காட்டிய சினிமாவின் தோளில் கைபோட்டுக்கொண்டல்லவா கூத்து நின்றது! இதைவிடப் பயங்கரமான எண்ணம் வீடு திரும்பும்போது பஸ்ஸில் வந்தது: நானூறு வருடத்துக்கு முந்திய அண்ணாவியார் மட்டும் எந்தக் கப்பற்காரன் பாட்டைச் சுட்டாரோ?

ஆனால் அதற்கு முன், மண்டபம் வெறிச்சோடியதும், அண்ணாவியாரிடம் ஒன்று கேட்டேன்: “அப்ப, அண்ணாவியார், உண்மையான பழைய மெட்டு ஒண்டும் உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும், பாடினா உங்களைத் தவிர ஆர் இருந்து கேப்பினம்?”