பின்னிணைப்பில் ஒரு வரிசை எண்

தேர்தல் செலவுப் பணம் எந்தெந்தக் கைகள் வழியாக வாக்காளர் வீட்டுக்கு வந்து சேர்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். போன தேர்தல் முடிந்ததும், வெளியூருக்கு அலையாமல் செஞ்சியில் நாங்கள் குடியிருக்கும் தெருவையே எடுத்துக்கொண்டேன். வாக்காளர் பட்டியலில் பத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பேசினேன்.

பட்டியலைக் கொடுத்து உதவியவர் எதிர்வீட்டுக்காரர். ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். அவர் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்த தையல்காரம்மாவின் பெயரும் என் தேர்வில் வந்தது. அவர் மகளும் என் மகளும் பிளஸ் டூவில் ஒரே பெஞ்ச். அந்தம்மா முதலில் வாயே திறக்கவில்லை. என் மகள்தான், "பேரு வராது ஆன்ட்டி, அம்மா யார் பேரையும் போடமாட்டாங்க" என்றாள். பிறகு சொன்னார். கட்சி மேலிடத்திலிருந்து வந்த பணத்தில் பாதியை, வீட்டு ஓனரான அந்த ஏஜென்ட்டே எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தெருவுக்குக் கொடுத்தாராம்.

பெயரைப் போடவில்லை. யார் சொன்னது எது என்று எனக்குக் குழம்பாமலிருக்கப் பட்டியலின் வரிசை எண்களைக் குறித்து வைத்திருந்தேன். அவை அப்படியே கட்டுரையின் பின்னிணைப்பு அட்டவணையில் அச்சாகிவிட்டன. உதவியவருக்கு ஒரு பிரதி கொடுப்பது எங்கள் துறையில் மரியாதை. அவர் எங்கே படிக்கப்போகிறார் என்று நினைத்து எதிர்வீட்டிலும் கொடுத்தேன்.

கட்டுரையை அவர் படிக்கவில்லை. அட்டவணையைப் பார்த்தார். தேர்தலுக்குத் தேர்தல் தெருவுக்கே வரிசை எண் போட்டு பூத் சிலிப் எழுதிக் கொடுத்த மனிதர்.

"இந்த நம்பருங்கள்லாம் கரெக்டா மேடம்?"

"மூணு தடவை சரிபார்த்தேங்க" என்றேன், பெருமையாக.

நூற்று எண்பத்து நாலின் மேல் விரலை வைத்தார். "இது நம்ம டைலரம்மா. எதிர்ல, 'இடையில் பணம் குறைந்தது: ஆம்'னு போட்டுக்கீறீங்க. இன்னா மேடம், எங்க ஊட்ல இருந்துக்கினே எம்மேலயே சொல்லிக்குது?"



மறுநாள் தையல்காரம்மா வந்தார். பரீட்சைக்கு மூன்று வாரம்கூட இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். "நம்பர் தப்பா பூந்துடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேடம். பொண்ணு பரீட்ச எழுதுற வரைக்கும் இருந்துக்கறோம்."

போய்ச் சொன்னேன். தட்டச்சுப் பிழை என்றேன், என் கவனக்குறைவு என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னேன். அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

"கேட்டியா, மூணு தடவ சரிபார்த்தது இப்ப தப்பாம். நீங்க பொய் சொல்லிப் பழகாதவங்க மேடம். உட்டுடுங்க."

பக்கத்து ஊரான சிங்கவரத்தில் அவர்களுக்கு ஒரு அறை கிடைத்தது. அந்தப் பெண் இனி பஸ்ஸில் வந்துதான் பரீட்சை எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் தையல் மெஷினை ஏற்றினார்கள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் வாசலிலிருந்து இறங்கி நடந்தேன். தையல்காரம்மா பாதித் தெருவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிட்ட வராதீங்க மேடம். அட்வான்ஸ இன்னும் திருப்பிக் குடுக்கல அவரு."

திரும்பி வந்தேன். என் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். "நானாவது போய் ரெண்டு சாமான் தூக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.