சந்து முனையில் நின்ற டிரெய்லர்

அன்னைக்குச் சந்து முனையில இருந்தது அஞ்சு பேர்: மீன்பாடி வண்டியில நெஞ்சைப் பிடிச்சுகினு அப்பா, பக்கத்துல அம்மா, வண்டி மிதிச்ச குமார் மாமா, பின்னால தள்ளின நான், லாரி டிரைவர்.

இன்னைக்கு என் பொண்ணு இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்சுகினு இருந்தா. "'ஃபென்ஸ் ஆஃப்'னா வேலி போட்டு இடத்தைப் பிரிக்கிறது. 'ஹெம் இன்'னா நகர வழியில்லாம சுத்தி அடைக்கிறது."

எட்டாவதோட நின்னவன் நான். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஆம்புலன்ஸ் வர வழி கீதான்னு முதல்ல பாக்குறவன். ரெண்டாவது வார்த்தை உடனே புரிஞ்சுது. அவகிட்ட அந்த நாளைச் சொன்னேன்.

துறைமுகத்துக்குப் போற லாரி லைன்ல ஒரு டிரெய்லர் எங்க சந்தை மறிச்சுகினு நின்னுச்சு. டயரே என் நெஞ்சு உயரம். சூடான ரப்பர் வாடை.

"நவுருபா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!" குமார் மாமா கத்தினார்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஒட்டிகினு நிக்குது. நான் எங்கண்ணே நவுர்றது?" டிரைவருக்கு அழுகையே வந்துடுச்சு.

அம்மா டயரை அடிச்சாங்க. அப்பா மூச்சு வாங்கிகினே சிரிச்சார். "வுடு மே, நம்ம நம்பரு வரட்டும்."

"அப்புறம் தாத்தா எப்படிப்பா வெளியே வந்தாரு?"

"வரலைம்மா. லைன் நகர்றப்போ சாயங்காலம் ஆயிடுச்சு. குமார் மாமா அதுக்கு முன்னாடியே வண்டியை வூட்டுப் பக்கம் திருப்பிட்டாரு."