பன்னிரண்டா, இருநூற்றுப் பதினாறா?

போன ஞாயிறு காலை. கோவில்பதாகையில் எங்கள் அடுத்த வீட்டு தேவராஜ், கையில் லேப் ரிப்போர்ட்டுடன் வந்து நின்றார். முகத்தில் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட களை!

சிங்கப்பூரில் வெல்டராக இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியவர். காலில் ஒரு புண், ஆறவே இல்லை. மனைவி ஸ்டெல்லா விரட்டியதில் ஆவடியில் ஒரு டாக்டரிடம் காட்டி, அவர் சொன்ன லேபில் ரத்தச் சர்க்கரை பார்த்திருக்கிறார். வெறும் வயிற்றில் 216.

"இன்னா சார் அநியாயம்! பிளேன் ஏறச்சொல்லோ அங்கயும் டெஸ்ட் எடுத்தேன். டாக்டரப் பாக்கத்தான் டைம் இல்ல. வெறும் பன்னெண்டு சார்! ஒரே மாசத்துல எரநூத்திப் பதினாறா? டாக்டரும் லேப்காரனும் கூட்டு..."

எனக்கும் அப்படித்தான் பட்டது. யாரை நம்ப முடிகிறது இந்தக் காலத்தில்?

என் மனைவி உஷா ப்ளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுப்பவள். "யூனிட் என்ன போட்டிருக்கு?" என்றாள்.

"யூனிட்டா? சக்கரைதான் டீச்சர்!"

சிங்கப்பூர் சீட்டையும் வரவழைத்துப் பார்த்தாள். "இது ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். ஆவடியில கொடுத்தது நூறு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம். குளுக்கோஸ்ல ஒரு மில்லிமோல்னா நூத்தியெண்பது மில்லிகிராம். லிட்டரை நூறு மில்லியாக்கினா பதினெட்டு. பன்னெண்டைப் பதினெட்டால பெருக்குங்க."

பெருக்கினார். 216! அங்கேயும் இங்கேயும் ஒரே சர்க்கரை.

தேவராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சர்... அந்த டாக்டர் உங்களுக்குச் சொந்தமா?"

நம்பவில்லை மனுஷன். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் குமணன்சாவடி போய் இன்னொரு டெஸ்ட். 221. வீடு திரும்பி, "டாக்டரு, ரெண்டு லேப்காரனுங்க, மூணு பேரும் கூட்டு" என்றாராம்.

ஸ்டெல்லா அழுதேவிட்டார். "எங்கண்ணனுக்கும் இதே மாதிரி புண்ணுதான்யா. கடைசில காலையே எடுத்துட்டாங்கோ. ஒனக்கும் அப்டி ஆவணுமா?"

தேவராஜ் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அதே ஆவடி டாக்டரிடம் கிளம்பினார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். இப்ப காலைக் காப்பாத்திடலாம்" என்றாராம் டாக்டர்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெரிய நம்பரைத்தான் நாம் எல்லோரும் சந்தேகப்படுகிறோம். அந்தப் பன்னிரண்டை நானோ தேவராஜோ ஒரு நொடியாவது சந்தேகப்பட்டோமா? நமக்குச் சாதகமான நம்பர் பொய் சொல்லாது என்று அப்படி ஒரு நம்பிக்கை!

டாக்டர் அஞ்சு மில்லிகிராம் மாத்திரை எழுதிக்கொடுத்தாராம். நம்மாள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து கேட்டிருக்கிறார்: "இது எந்த ஊர் மில்லிகிராம் டாக்டர்?"