ஆறு மணிப் பாத்திரம்

சாதி பற்றிப் பேச்சு எடுத்தாலே "இப்பல்லாம் யாரு பாக்குறா?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கேள்வி என் காதில் முதலில் விழுந்தது ஹைதராபாத் மாதாப்பூரில், எங்கள் கம்பெனி கேண்டீனில். கேட்டவர் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த டீம் லீட். கேட்டு முடித்து டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமா, உங்களுக்கு நேட்டிவ் எது? அங்க எந்தப் பக்கம்?" என்றார்.

எனக்கு நேட்டிவ் செகந்திராபாத் ஐயா. அப்பாவின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து இங்கே ராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் குதிரைக்குத் தீனி வைத்தவர். அப்பா சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் கடைசல் பிடித்தே ரிட்டையர் ஆனவர். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மூன்று பேருக்கும் ஞானஸ்நானம் ஒரே தமிழ்ச் சபையில்தான்.

அந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. காலை ஆறு மணிக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று. வேலைக்காரர்களுக்கென்று துரைமார் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஆறு மணி. குமாஸ்தா, வாத்தியார், பேங்க் குடும்பங்கள் எட்டரை. சபையின் ஆண்டு விழா மலரில் இதற்குக் காரணம் அழகாக எழுதியிருந்தார்கள்: சமையல்காரரும் குதிரைக்காரரும் துரை எழுந்திருப்பதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால், அவர்கள் வசதிக்காக அதிகாலை ஆராதனை தொடங்கப்பட்டதாம். துரைமார் கப்பல் ஏறிப் போய் எத்தனை காலம் ஆயிற்று! வசதி மட்டும் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

உண்மைக் காரணம் திருவிருந்துப் பாத்திரம். எங்கள் சபையில் திராட்சரசம் ஒரே பாத்திரத்தில்தான். பீடத்தின் முன்னால் வரிசையாக முழந்தாளிட, ஆயர் ஒவ்வொருவர் உதட்டிலும் அதை வைத்துத் துடைத்து, அடுத்தவருக்கு நகர்த்துவார். எங்கள் வாய் பட்டதில் அவர்கள் வாய் வைக்க மாட்டார்கள். அதனால் இரண்டு ஆராதனை, இரண்டு பாத்திரம். எட்டரைக்கு வெள்ளி. ஆறு மணிக்கு, முலாம் உதிர்ந்து பித்தளை தெரிகிற ஒன்று. ஊர்ப்பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று பேப்பரில் படித்துவிட்டு எட்டரைக்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள். சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. கிறிஸ்தவன் ஆகிவிட்டால் நீ பட்டியல் சாதியே இல்லை என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. சபைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம் அது. சபைக் கமிட்டித் தேர்தலுக்கு அப்பா மனு கொடுத்தார். லைன் வீட்டிலிருந்து அதுவரை யாரும் நின்றதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரே ஆராதனை, ஒரே பாத்திரம்.

மனு கொடுத்த மறு வாரம் வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். அப்பா பெயர் இல்லை. என் பெயர் இல்லை. ஆறு மணிக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லை. அந்த வருஷ ஏப்ரலில் பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டுப் போட்ட மை அப்பாவின் நகத்தில் இன்னும் இருந்தது. நாட்டை யார் ஆள வேண்டும் என்று சொல்ல அவருக்குத் தகுதி உண்டு, உண்டியலை யார் எண்ண வேண்டும் என்று சொல்லத் தகுதி இல்லை. ஊருக்கு வந்து ஆறே மாதமான, எட்டரை ஆராதனைக்கு வரும் எங்கள் டீம் லீடின் பெயர் குடும்பத்தோடு பட்டியலில் இருந்தது.

அப்பாவும் நானும் செக்ரட்டரியிடம் போனோம். அவர் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். நாற்காலியெல்லாம் போட்டு உட்கார வைத்தார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் பிரதர். வருஷத்துல மூணு தடவையாவது திருவிருந்து எடுத்திருக்கணும். எடுத்ததுக்குப் பேர் எழுதின சீட்டு பெட்டியில போட்டிருக்கணும். உங்க யாரு சீட்டும் இல்ல."

அந்தப் பெட்டியை எட்டரை மணிக்குத்தான் வைப்பார்கள். ஆறு மணிக்கு ஒரு நாளும் வைத்ததில்லை. அந்த விதியையும் அதுவரை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை.

"ஆறு மணிக்குப் பெட்டியே வைக்கலியே அங்கிள்" என்றேன்.

"யாரும் கேக்கலியேம்மா."

கேட்டிருந்தால் தட்டில் வைத்து நீட்டியிருப்பார்களாம்! பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டும் சாமர்த்தியத்தை இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

"எட்டரைக்கு வர வேணாம்னு உங்களை யாரு பிரதர் சொன்னா?" என்று அப்பாவிடம் குழைந்தார்.

"உங்க தாத்தா" என்றார் அப்பா.

செக்ரட்டரி மின்விசிறியைப் பார்த்தார். வெளியே வந்ததும் நான் கோர்ட்டுக்குப் போகலாம் என்று குதித்தேன். "நக்கோம்மா, வேணாம்" என்று அப்பா என் தோளைத் தட்டினார். "மூணு தபா எட்டரைக்கு வரணும்னு அவங்களே சொல்லிட்டாங்கோ. வருவோம்."

பட்டியலில் பெயர் இல்லாததால் அப்பாவின் மனுவும் செல்லாமல் போனது. தேர்தல் நடந்து செக்ரட்டரியே மறுபடியும் ஜெயித்தார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, ஆறு மணி ஆராதனைக்கு ஒருவரும் போகவில்லை. எட்டரைக்கு வெகு முன்னாலேயே லைன் வீட்டுக்காரர்கள் மொத்தமும் கோயிலுக்குள் வந்து முன் பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் சபையில் முன் பெஞ்சுதான் முதலில் பீடத்துக்குப் போகும், பிறகு அடுத்தடுத்த பெஞ்சு. சீட்டுகளைப் பெட்டியில் போட்டோம். முதலில் அப்பா போய் முழந்தாளிட்டார். வெள்ளிப் பாத்திரம் அவர் உதட்டுக்கு வந்தது. பிறகு நான். பிறகு எங்களவர்கள் எல்லோரும்.

எங்கள் வரிசை முடிந்தது. ஆயர் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். பின்னால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. செக்ரட்டரியின் மனைவி பைபிளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். டீம் லீட் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டினார், கட்டினார், கட்டிக்கொண்டே இருந்தார். ரிட்டையர்டு நர்ஸ் அம்மா ஒருவர் மட்டும் கைத்தடியை ஊன்றி வந்து, முழந்தாளிட முடியாமல் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். அவரை மட்டும் நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். மற்றவர்களின் பக்தி எவ்வளவு என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். இயேசுவின் ரத்தம் என்று வாயால் சொல்கிறார்கள். எங்கள் எச்சில் அந்த ரத்தத்தையும் தீட்டாக்கிவிடும் என்றுதானே நம்புகிறார்கள்?

அடுத்த மாதமும் அதே கதைதான். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சிரித்தார். "இப்டியே போனா அடுத்த வருசம் அவங்களுக்குத்தான் ஓட்டு இருக்காது."

அவர்களும் அதைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் மாதம் பீடத்தில் பாத்திரத்தைக் காணோம். பெரிய தட்டு நிறைய விரல் உயரத்தில் கண்ணாடிக் கிண்ணங்கள், ஆளுக்கு ஒன்று. பன்றிக் காய்ச்சலை முன்னிட்டு, சுகாதாரம் கருதி என்று அறிவித்தார்கள். காய்ச்சலுக்காகக் கை குலுக்குவதை யாரும் நிறுத்தவில்லை. அன்றைக்கு எட்டரைக்காரர்கள் எல்லோரும் பெஞ்சு பெஞ்சாக எழுந்து வந்து, கண்ணை மூடி, உருகி உருகிக் குடித்தார்கள். ஆறு மணி ஆராதனையையும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் போய்விட்டது, கிண்ணங்கள் போகவில்லை.

அடுத்த தேர்தலுக்குப் பட்டியலில் எங்கள் பெயர்கள் எல்லாம் வந்தன. அப்பா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட வந்தார். வாசலுக்குள் புதிதாக ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே பழைய ஜெப புத்தகங்களுக்கு நடுவில் வெள்ளிப் பாத்திரம், பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள். "நம் முன்னோர் அனைவரும் ஒருமனமாய்ப் பருகிய பாத்திரம்" என்று கீழே ஒரு அட்டை.

அப்பா அதைப் படித்தார். மறுபடி படித்தார். செக்ரட்டரி சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி வந்தார்.

"இன்னொண்ணு எங்க?" என்றார் அப்பா.

"எது பிரதர்?"

"ஆறு மணிப் பாத்திரம்."

செக்ரட்டரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "எனக்குத் தெரிஞ்சு எப்பவுமே ஒண்ணுதானே பிரதர் இருந்துச்சு."

ஓட்டுப் போட வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்றிருந்தார்கள். எட்டரைக்காரர்கள், டீம் லீட், எல்லோரும். அப்பா என் கையை விட்டுவிட்டு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்ப இத்தினி வருசமா நான் எதுல குடிச்சேன்?" என்றார்.