கோர்டி தட்டிய கம்ப்ரசர்

இது நடந்தது. எங்கள் லூத்தரன் தேவாலயத்துக் காபிப் பானையின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பானையைத் தொட்டுப் பொய் சொன்னவன் எவனும் மினசோட்டாவில் உருப்பட்டதில்லை. ஏரியில் நான் பிடித்த மீன்களின் நீளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம். இதில் ஒரு வார்த்தைகூட முன்னே பின்னே இல்லை.

பேய் நள்ளிரவில் வரும் என்பார்கள். என்னிடம் வந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் கண்ணயரும் நேரத்தில்.

பக்கத்து வீட்டு கோர்டி அக்டோபரில் செத்துப்போனான். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தவன் அந்தக் குவியலிலேயே உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. குழாய் பொருத்துவது அவன் தொழில். என்னைத் திட்டுவது அவன் பொழுதுபோக்கு. அடக்கத்தன்று அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கொடுத்த ஹாம் சாண்ட்விச்சைத் தின்றேன். அதிலும் ருசி இல்லை. பல் டாக்டர் உடம்பு முழுக்க மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த மரப்பு அப்படியே தங்கிவிட்டது.

ஜனவரியில் அவன் மனைவி லவோன், அவனுடைய காற்றுக் கம்ப்ரசரை எங்கள் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஹார்லன், இதை நீயே வச்சுக்கோ. தினம் இதோட மூஞ்சியில முழிக்க முடியல."

காற்றைக் கராஜ் முழுக்கக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். நான் போட்டது வெள்ளை பி.வி.சி. தண்ணீர்க் குழாய். அறுக்கச் சுலபம், பசை தடவி ஒட்டினால் முடிந்தது. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். கோர்டி உயிரோடிருந்தபோது இதற்காகவே என்னோடு சண்டை பிடிப்பான்.

"டேய், தண்ணிக் குழாய் உடைஞ்சா நனைவ. அதுல காத்தை அடைச்சு வச்சு உடைஞ்சா சில்லு சில்லாப் பறக்கும், கத்தி மாதிரி. குளிர்ல இன்னும் மோசம். இரும்பைப் போடு. இல்லேன்னா செம்பைப் போடு."

"எவ்வளவு அழுத்தம் தாங்கும்னு குழாய் மேலயே அச்சடிச்சிருக்கானே."

"அது தண்ணிக்குடா மடையா. நீ மட்டும் வெள்ளைக் குழாய் போட்டுப் பாரு, உன் சாவுக்கு நான் வரமாட்டேன்."

"வராதே. ஒரு சாண்ட்விச் மிச்சம்."

இப்போது திட்ட ஆளில்லை. போட்டுவிட்டேன்.

குழாய் சுவரோடு ஓடி, ஃப்ரீசருக்கு நேர் மேலே போயிற்று. நவம்பர் வேட்டையில் சுட்ட மானெல்லாம் அந்த ஃப்ரீசரில்தான் இருக்கிறது. என் மனைவி மார்லிஸ் தினமும் மதியம் மூடியைத் திறந்து, இடுப்புவரை உள்ளே குனிந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பொட்டலம் தேடுவாள். அவள் பிடரிக்கு மேலே ஒரு முழத்தில் என் வெள்ளைக் குழாய்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, காற்றை நிரப்பிவிட்டுச் சும்மா இருப்பது. அழுத்தமானியின் முள் நூற்றிருபதில் நின்றது. மின்சார வயரைப் பிடுங்கினேன். படுக்கையறைக்குப் போய், கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

டங்... டங்.

பிறகு, புஸ்ஸ்ஸ்ஸ்...

போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் தொட்டியின் அடியில், காற்றிலிருந்து ஊறும் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். அது திறந்து கிடந்தது. காற்று முழுக்கப் போயிருந்தது. முள் பூஜ்யத்தில்.

எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஆனால் ஒன்று தெரியும். வேலை முடிந்து காற்றை வெளியேற்றும்போது, துரு உதிரட்டும் என்று தொட்டியை ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டுவது கோர்டியின் பழக்கம். டங், டங். இரண்டே தட்டு.

ராத்திரி மார்லிஸிடம் கேட்டேன்.

"கம்ப்ரசரை நீ தொட்டியா?"

"நான் எதுக்குய்யா அதைத் தொடப்போறேன்? மானைத் தேடவே நேரமில்ல."

மறுநாள் திருகைக் குறடு வைத்து இறுக்கினேன். மறுபடி நூற்றிருபது. மறுபடி படுத்தேன்.

டங்... டங்.

புஸ்ஸ்ஸ்ஸ்...

இந்த முறை வடிந்த தண்ணீர் தரையில் உறைந்திருந்தது. அந்தப் பனிக்கட்டியில் ஒரு பூட்ஸ் தடம். குதிகால் ஒரு பக்கம் தேய்ந்த தடம். கோர்டி காலைச் சாய்த்து நடப்பான்.

"செத்தும் உன் வாய் அடங்கலையாடா" என்றேன்.

அடுத்த நாள் திருகையே கம்பி சுற்றிக் கட்டினேன். பிடிவாதத்தில் நானும் அவனுக்குக் குறைந்தவனல்ல. காற்றை நிரப்பினேன். போய்ப் படுத்தேன்.

டங்... டங்.

காத்திருந்தேன். புஸ் வரவில்லை.

டங்... டங்... டங்... டங்...

அவன் இரண்டுக்கு மேல் தட்டியதே இல்லை.

பிறகு சத்தம் மாறியது. இரும்பில் இல்லை. பிளாஸ்டிக்கில்.

டொக்... டொக்...

குழாய் வழியாக நகர்ந்தது. சுவரோடு. மெதுவாக. ஃப்ரீசர் இருக்கும் பக்கம்.

டொக்.

நின்றது.

எழுந்தேன். செருப்புக்கூடப் போடவில்லை.

கராஜில் ஃப்ரீசர் மூடி திறந்திருந்தது. மார்லிஸின் முதுகு மட்டும் தெரிந்தது.

குழாய் லேசாக நடுங்கியது.

நான் கத்தவில்லை. "மார்லிஸ், போன். லவோன் கூப்பிடுறா" என்றேன். லவோன் என்றால் அவள் மானையும் விட்டுவிட்டு வருவாள்.

வந்தாள்.

இருவரும் சமையலறைக்குள் நுழைந்ததும் கராஜ் பக்கக் கதவைச் சாத்தினேன்.

தரை அதிர்ந்தது. பாதத்திலிருந்து முழங்கால்வரை ஏறியது. அவ்வளவுதான்.

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. நான் படுக்கையறைக்குப் போய்த் தட்டில் வைத்ததையெல்லாம் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் லவோனே கோட்டுப் போடாமல் பனியில் ஓடி வந்திருந்தாள்.

"என்ன ஆச்சு? தெரு முழுக்கக் கேட்டுச்சே."

"நீ போன்ல இல்லையா?" என்றாள் மார்லிஸ்.

மூவரும் கராஜைத் திறந்து பார்த்தோம். சுவரில் குழாய் இல்லை. தரையெல்லாம் வெள்ளைச் சில்லுகள். ஒரு முழ நீளச் சில்லு ஃப்ரீசருக்குள், அவள் விட்டுவிட்டு வந்த மான் பொட்டலத்தில் நட்டுக்கொண்டு நின்றது. திருகில் நான் கட்டிய கம்பி அப்படியே இருந்தது.

"யோவ், லவோன் கூப்பிடலைன்னா நீ எதுக்கு ஓடி வந்த?" என்றாள் மார்லிஸ்.

"கோர்டி கூப்பிட்டான்" என்றேன். லவோன் சிரிக்கவில்லை.

அந்த வாரமே இரும்புக் குழாய் போட்டேன். கம்ப்ரசர் அதிர்ந்தாலும் குழாய் ஆடாதிருக்க இடையில் ரப்பர் ஹோஸ். உள்ளே ஊறும் தண்ணீர் தங்காமலிருக்கச் சரிவு, கடைசியில் வடிய ஒரு திருகு. எல்லாம் அவன் திட்டிச் சொன்னபடி. தினமும் காற்றை வெளியேற்றுகிறேன். இரண்டு தட்டுத் தட்டுகிறேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

சில்லு குத்திய அந்தப் பொட்டலத்தைக் குழாய் வெடித்த அன்று ராத்திரியே மார்லிஸ் சமைத்தாள். உப்பு அதிகம். அக்டோபருக்குப் பிறகு என் நாக்கில் பட்ட முதல் ருசி அதுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மதியம் படுக்குமுன் நான் தட்டில் கழற்றி வைப்பது என் பல்செட்டையும் இரண்டு காதுக் கருவிகளையும். அவை இல்லாவிட்டால் தலைமாட்டில் துப்பாக்கி வெடித்தாலும் எனக்குக் கேட்காது.